மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தோல் வழியே வரும் ஆபத்து
மருந்துக்கடைக் களிம்பும் மாத்திரையும் வினையாகும் நிலை. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பில் பெரும் இடைவெளி

புது தில்லி: நாட்டில் ஓராண்டில் நடைபெறும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை 2013-ஆம் ஆண்டில் 4,990-ஆக இருந்தது. 2023-ஆம் ஆண்டில் அது 18,378-ஆக உயர்ந்தது. இவற்றில் 13,426 சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகள். பத்தே ஆண்டுகளில் மூன்றரை மடங்குக்கும் மேலான இந்த வளர்ச்சியை மத்திய சுகாதார அமைச்சகம் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பெருமிதத்துடன் எடுத்துரைத்து வருகிறது.

பெருமைக்குரிய சாதனைதான். ஆனால், இந்தக் கணக்கு அறுவை அரங்கின் வாயிலோடு முடிந்துவிடுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வீடு திரும்பிய பின் என்ன ஆகிறார், எத்தனை ஆண்டுகள் அந்தச் சிறுநீரகம் இயங்குகிறது, எந்த நோய்கள் அவரைத் தாக்குகின்றன என்பன போன்ற வினாக்களுக்கு அதே அளவு முக்கியத்துவம் தரப்படவில்லை.

அவ்வாறு கவனிப்பாரற்றுக் கிடக்கும் பிரச்னைகளுள் ஒன்று, தோலில் ஏற்படும் பூஞ்சைத் தொற்று. தேமல், படர்தாமரை, நகச்சொத்தை என்று ஊர் வழக்கில் அழைக்கப்படும் இந்நோய்கள் மற்றவர்களுக்கு அரிப்பும் கூச்சமும் தருவதோடு நின்றுவிடும். மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழ்பவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களைப் பொருத்தவரை, நோயைவிட அதற்காக மருந்துக்கடையில் வாங்கி உட்கொள்ளும் மாத்திரையே சிறுநீரகத்தைப் பறிக்கக்கூடும்.

மருந்தின் இரு முகங்கள்

பிறரது உறுப்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அயலான் புகுந்துவிட்டதாகக் கருதி ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அதனைத் தாக்குகின்றன. இந்தத் தாக்குதலைத் தடுக்க, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின், அதனுடன் மைக்கோபினோலேட், கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே பரவலாகப் பின்பற்றப்படும் சிகிச்சை முறை.

இந்த மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கும் அணுக்களை மட்டும் தனியே பிரித்தறிந்து அடக்குவதில்லை. தோலில் படியும் பூஞ்சைகளை அன்றாடம் விரட்டியடிக்கும் பணியையும் அதே அணுக்களே செய்கின்றன. அவற்றின் வேகம் குறைக்கப்படும்போது பூஞ்சைக்கும் வழி திறந்துவிடுகிறது. ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் பலருக்குச் சர்க்கரை நோயையும் வரவழைக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் பூஞ்சை மேலும் செழிக்கும்.

இதில் ஒரு முரணும் உண்டு. உறுப்பு மாற்று சிகிச்சையின் போக்கையே மாற்றிய சைக்ளோஸ்போரின், ஒரு பூஞ்சையிலிருந்து கண்டறியப்பட்ட மருந்தாகும். நார்வே நாட்டின் ஹார்டாங்கர் பீடபூமியிலிருந்து 1969-ஆம் ஆண்டில் எடுத்துவரப்பட்ட மண்ணில் அந்தப் பூஞ்சை இருந்தது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன ஆய்வகத்தில் அதன் ஆற்றல் கண்டறியப்பட்டு, 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மைக்கோபினோலேட்டின் மூலப்பொருளும் பெனிசிலியம் என்ற பூஞ்சை இனம் தந்ததே. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தைப் பூஞ்சை வழங்கியது; அம்மருந்தால் தளர்ந்த உடலில் வேறு பூஞ்சைகள் குடியேறுகின்றன.

மேலை நாடுகளும் இந்தியாவும்

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் தோலைப் பற்றி மேலை நாட்டு மருத்துவ நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஆனால் அவற்றில் முதலிடம் பெறுவது தோல் புற்றுநோய். வெளிர்ந்த தோல் கொண்ட மக்களிடம், எதிர்ப்பு ஆற்றல் குறைந்த நிலையில் சூரிய ஒளி புற்றுநோயைத் தூண்டுகிறது என்பதே அதற்குக் காரணம்.

இந்தியாவில் நிலைமை வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சண்டீகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட மருத்துவமனைகளின் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக வெளியிட்டுவரும் ஆய்வுகளில் தோல் புற்றுநோய் அரிதாகவே தென்படுகிறது. தொற்று நோய்களே முன்னிற்கின்றன. அவற்றிலும் பூஞ்சைக்கே முக்கிய இடம். வெப்பம், ஈரப்பதம், வியர்வை, நெருக்கமான வாழிடம், ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தும் வழக்கம் ஆகியவை அதற்குத் துணைபோகின்றன.

உயிருள்ள உறவினரிடமிருந்து சிறுநீரகம் பெற்று நடத்தப்பட்ட நாட்டின் முதல் வெற்றிகரமான மாற்று அறுவை சிகிச்சை 1971-ஆம் ஆண்டில் வேலூரில்தான் நடைபெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேலான அனுபவம் இத்துறையில் நமக்கு உண்டு. எனினும், மேலை நாடுகளின் நெறிமுறைகளையே பெரிதும் அடியொற்றி நடக்கும் நம் மருத்துவமனைகளில், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் தோலை முறையாகப் பரிசோதிப்பது இன்னமும் வழக்கமான நடைமுறையாகவில்லை. கிரியாட்டினின் அளவும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. சட்டையைக் கழற்றி முதுகைப் பார்க்கவோ, காலணியைக் கழற்றி விரலிடுக்கை நோக்கவோ கூட்டம் மிகுந்த புறநோயாளிகள் பிரிவில் நேரம் வாய்ப்பதில்லை. நோயாளியும் கூச்சத்தால் தானாகச் சொல்வதில்லை.

மேற்பரப்பில் சில, ஆழத்தில் சில

இந்நோயாளிகளைத் தாக்கும் பூஞ்சைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, தோலின் மேற்பரப்போடு நிற்பவை. மார்பிலும் முதுகிலும் வெளிறிய அல்லது பழுப்பு நிறத் திட்டுகளாகத் தோன்றும் தேமல், எண்ணெய்ப் பசையுள்ள தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற பூஞ்சையால் வருவது. இடுப்பு, தொடையிடுக்கு, பிட்டம் ஆகிய இடங்களில் வட்டமாகப் படர்ந்து அரிப்பது படர்தாமரை. நகம் தடித்து, மஞ்சளித்து, உதிர்வது நகச்சொத்தை. வாயிலும் தோல் மடிப்புகளிலும் வெண்படலமாகப் படிவது கேண்டிடா.

எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களிடம் இவை வழக்கத்தைவிடப் பரந்த அளவில் படர்கின்றன; சிகிச்சைக்குப் பின்னரும் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலரிடம் படர்தாமரைப் பூஞ்சை மயிர்க்கால்கள் வழியே உள்ளிறங்கி முடிச்சுகளை உண்டாக்குவதும் உண்டு.

இரண்டாம் வகை, ஆழத்தில் இறங்குபவை. வயலில் வெறுங்காலுடன் நடக்கையில் முள்ளோ மரச்சிராயோ குத்திய இடத்தில் மாதக்கணக்கில் மெல்ல வளரும் வலியற்ற கட்டி, மண்ணிலும் மட்கிய மரத்திலும் வாழும் கரும்பூஞ்சை இனங்களால் ஏற்படலாம். 2021-ஆம் ஆண்டில் 'கருப்புப் பூஞ்சை' என்று நாட்டை உலுக்கிய மியூக்கர் நோய் இதனின் வேறானது. புறாக்களின் எச்சம் கலந்த மண்ணில் காணப்படும் கிரிப்டோகாக்கஸ், மூச்சு வழியே நுழைந்து மூளையுறையைத் தாக்கவல்லது. சில நோயாளிகளிடம் அது முதலில் காட்டும் அடையாளம் தோலில் ஒரு புண் அல்லது வீக்கம் மட்டுமே. கங்கைச் சமவெளியிலும் கிழக்கு மாநிலங்களிலும் காணப்படும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையும், இமயத்தின் அடிவாரப் பகுதிகளில் முட்கள் வழியே தொற்றும் ஸ்போரோதிரிக்ஸ் பூஞ்சையும் இப்பட்டியலில் அடங்கும்.

எனவே, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் தோலில் தோன்றும் ஒரு சிறு கொப்புளத்தைக்கூட 'வெறும் சூட்டுக் கொப்புளம்' என்று ஒதுக்க இயலாது. அது உடலுக்குள் பரவிவிட்ட நோயின் வெளி அடையாளமாக இருக்கக்கூடும். சிறு திசுவை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உண்மை தெரியும்.

மாத்திரையால் வரும் வினை

உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்தும் பிகாரிலிருந்தும் தில்லிக்கு வந்து மாற்றுச் சிறுநீரகம் பெற்று ஊர் திரும்புவோர் பலர். அவர்களுள் ஒருவருக்கு மழைக்காலத்தில் தொடையில் படர்தாமரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனை ஓரிரவுப் பயணத் தொலைவில் உள்ளது. ஊரிலோ முக்கில் ஒரு மருந்துக்கடை. அங்கு நோயைக் காட்டினால் ஒரு களிம்பும் இட்ராகோனசோல் மாத்திரைகளும் கிடைக்கின்றன. தாம் ஏற்கெனவே டாக்ரோலிமஸ் உட்கொள்வதை அவர் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை.

அடுத்து நடப்பதை மருந்தியல் தெளிவாகவே விளக்குகிறது. டாக்ரோலிமஸையும் சைக்ளோஸ்போரினையும் சிதைத்து வெளியேற்றுவது, கல்லீரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதி. இட்ராகோனசோல், கீட்டோகோனசோல், வோரிகோனசோல் ஆகிய பூஞ்சைக்கொல்லி மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. சற்றுக் குறைந்த அளவில் ஃபுளூகோனசோலும் அதையே செய்கிறது. சிதைய வேண்டிய டாக்ரோலிமஸ் சிதையாமல் ரத்தத்தில் பெருகுகிறது. அளவு மிகும்போது அது சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கைநடுக்கம், ரத்தத்தில் பொட்டாசியம் மிகுதல், சர்க்கரை கூடுதல் ஆகியவற்றையும் கொண்டுவருகிறது. சிறுநீரகத்தைக் காக்கவென்று கொடுத்த மருந்தே அதற்கு நஞ்சாகிவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மருத்துவர் இதனை அறிந்து டாக்ரோலிமஸின் அளவைக் குறைத்திருக்கும் நிலையில், படர்தாமரை மறைந்துவிட்டது என்று நோயாளி தாமாகவே பூஞ்சை மாத்திரையை நிறுத்திவிட்டால், டாக்ரோலிமஸ் அளவு சில நாள்களில் தாழ்ந்துவிடும். அப்போது உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும். பழைய பூஞ்சை மருந்தான கிரைசியோஃபல்வின் வேறு வகையில் தீங்கு செய்கிறது. அது சைக்ளோஸ்போரினின் அளவைக் குறைத்துவிடும்.

இந்த இடைவினை மருத்துவ உலகுக்குப் புதிதன்று. சைக்ளோஸ்போரினின் விலை எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில், கீட்டோகோனசோலைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்து, விலை மிகுந்த மருந்தின் அளவைக் குறைக்கும் உத்தியை இந்தியாவிலும் மருத்துவர்கள் கையாண்டதுண்டு. அது, ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி அளந்து பார்த்து, அறிந்தே செய்யப்பட்டது. மருந்துக்கடையில் நிகழ்வதோ அறியாமல் நடப்பது. வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

டெர்பினாஃபின் என்ற மாத்திரை இந்த நொதியோடு பெரிதும் மோதுவதில்லை. ஆகவே இந்நோயாளிகளுக்கு அது ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆழத்தில் இறங்கிய பூஞ்சைகளுக்குத் தரப்படும் ஆம்போடெரிசின் ஊசி மருந்தோ சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. அதன் பாதிப்புக் குறைந்த லைப்போசோம் வகை விலை மிகுந்தது. 2021-ஆம் ஆண்டில் மியூக்கர் நோய் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியபோது அந்த மருந்துக்காக நாடே அலைந்தது நினைவிருக்கலாம்.

புதிய பூஞ்சை, பழைய களிம்பு

இந்திய மருத்துவர்களின் கவலையை மேலும் கூட்டியிருப்பது, கடந்த பத்தாண்டுக்கு மேலாக நாடு முழுவதும் பரவிவரும் மருந்துக்கு அடங்காத படர்தாமரை. முன்பு சில வாரங்களில் குணமான நோய், இப்போது மாதக்கணக்கில் நீடிக்கிறது. குணமானது போலத் தோன்றி மீண்டும் வருகிறது. குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுகிறது.

இதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-ஆம் ஆண்டில் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயர் சூட்டப்பட்டது. பெயரிலேயே இந்தியாவின் முத்திரை விழுந்துவிட்டது. டெர்பினாஃபின் தாக்க வேண்டிய நொதியின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், இப்பூஞ்சையின் பல வகைகள் அம்மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஐரோப்பாவிலும் இது கண்டறியப்பட்டுள்ளது. 2023-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இருவருக்கு இத்தொற்று இருப்பதாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு இது இரட்டை நெருக்கடி. இடைவினை குறைந்த டெர்பினாஃபின் பலனளிக்காமல் போகிறது. பலனளிக்கக்கூடிய இட்ராகோனசோல் டாக்ரோலிமஸோடு மோதுகிறது. போதாக்குறைக்கு, இட்ராகோனசோல் மாத்திரை நன்கு உட்கிரகிக்கப்பட வயிற்றில் அமிலம் தேவை. இந்நோயாளிகளோ வயிற்றுப் புண்ணைத் தவிர்க்க அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர்கள்.

இந்நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்ததில் மருந்துக்கடைக் களிம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது தோல் மருத்துவர்களின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. வீரியமிக்க ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் சிறு தொகைக்குக் கிடைக்கின்றன. தடவிய மறுநாளே அரிப்பு அடங்கிவிடும். அது ஸ்டீராய்டின் வேலை. பூஞ்சை சாவதில்லை, எதிர்ப்பின்றி வளர்கிறது. படர்தாமரைக்கே உரிய வட்ட விளிம்பு மறைந்து, மருத்துவரே அடையாளம் காண இயலாதபடி உருமாறுகிறது. ஏற்கெனவே உள்ளே ஸ்டீராய்டு உட்கொள்ளும் ஒருவர், வெளியேயும் அதையே பூசிக்கொண்டால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் உண்டு, செயல் எங்கே?

இதனைத் தடுக்க அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூற முடியாது. மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளைப் பட்டியலிடும் 'ஹெச்' அட்டவணையில், மேற்பூச்சு மருந்துகளுக்கு நெடுங்காலம் அளிக்கப்பட்டிருந்த விலக்கால் ஸ்டீராய்டு களிம்புகள் தங்குதடையின்றி விற்கப்பட்டு வந்தன. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து வற்புறுத்தியதன் பின்னர், 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டுகளின் மேற்பூச்சு மருந்துகளுக்கு அந்த விலக்கை மத்திய அரசு நீக்கியது.

கலவை மருந்துகளின் கதை இன்னும் நீளமானது. 2016 மார்ச்சில் 344 கலவை மருந்துகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின. அதே ஆண்டு டிசம்பரில் தடையை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2017 டிசம்பரில் இவ்விவகாரத்தை மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தின் ஆய்வுக்கு உச்ச நீதிமன்றம் அனுப்பியது. வாரியத்தின் பரிந்துரைக்குப் பின், 2018 செப்டம்பரில் 328 கலவை மருந்துகள் தடை செய்யப்பட்டன. ஸ்டீராய்டு கலந்த பல தோல் களிம்புகளும் அவற்றுள் அடங்கும்.

ஆயினும் ஸ்டீராய்டு களிம்புகள் கடைகளை விட்டு மறையவில்லை. ஒரு கலவை தடை செய்யப்பட்டால் அதில் ஒரு பொருளை மாற்றி வேறொரு கலவை வருகிறது. அரசியல் சாசனத்தின்படி மருந்துகள் பொதுப் பட்டியலில் உள்ளன. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. விதியை வகுப்பது தில்லி. கடையில் நுழைந்து சோதிக்க வேண்டியது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. அந்தத் துறைகளில் ஆய்வாளர்கள் பற்றாக்குறை என்பது பல ஆண்டுகளாகக் குழுக்கள் சுட்டிக்காட்டிவரும் குறை. தடை ஆணைகள் அரசிதழோடு நின்றுவிடுவதற்கு இதுவே முதற்காரணம்.

அறுவைக்கு நிதி, அதன் பின்?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 'ஆயுஷ்மான் பாரத்' காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதி வழியாகவும் ஏழை நோயாளிகளுக்கு உதவி கிடைக்கிறது. தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தின் கீழ், அறுவைக்குப் பிந்தைய மருந்துச் செலவுக்காக ஏழை நோயாளிகளுக்கு மாதம் ரூ.10,000 வரை வழங்கவும் வகை செய்யப்பட்டுள்ளது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை அறியும் பரிசோதனை பெருநகரங்களைச் சார்ந்தே உள்ளது. பூஞ்சை மருந்து தொடங்கும்போதும், நிறுத்தும்போதும் இப்பரிசோதனை இன்றியமையாதது. சிறு நகரங்களில் வாழும் நோயாளி அதற்காகவே ரயிலேற வேண்டியுள்ளது. ஒருநாள் கூலியும் பயணச் செலவும் சேரும்போது பரிசோதனை தள்ளிப்போடப்படுகிறது.

பூஞ்சை ஆய்வகங்களின் நிலையும் அத்தகையதே. சண்டீகர் நிறுவனத்தில் நோய் விளைவிக்கும் பூஞ்சைகளின் தேசியச் சேமிப்பகம் இயங்குகிறது. உலக அளவில் மதிக்கப்படும் நிபுணர்கள் அங்கு உள்ளனர். ஆனால் மாவட்ட மருத்துவமனைகளில், தோலைச் சுரண்டி எடுத்த துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனைகூட எங்கும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. செலவு மிகக் குறைந்த, சிறிது நேரத்தில் முடியும் சோதனை அது.

உலக சுகாதார அமைப்பு 2022 அக்டோபரில், முன்னுரிமை தந்து கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலை முதல்முறையாக வெளியிட்டது. கிரிப்டோகாக்கஸும் கேண்டிடாவும் மியூக்கர் இனங்களும் அதில் இடம்பெற்றன. படர்தாமரைப் பூஞ்சைகள் இடம்பெறவில்லை. உயிரைப் பறிக்கும் நோய்களே முன்னுரிமை பெறுவது இயல்பு. ஆனால் இந்தியச் சூழலில், உயிர் பறிக்காத படர்தாமரை உறுப்பைப் பறிக்க வழிகோலுகிறது என்பதை இந்திய அரசுதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடியவை

இப்பிரச்னைக்குத் தீர்வு எட்டாத தொலைவில் இல்லை; பெருஞ்செலவும் தேவையில்லை. உறுப்பு மாற்று மருத்துவமனைகளில் ஒவ்வொரு தொடர் பரிசோதனையின்போதும் நோயாளியின் தோல், நகம், வாய், பாதம் ஆகியவற்றைப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். இதற்குச் செவிலியர்களைப் பயிற்றுவித்தாலே போதும். அறுவைக்கு முன்பே இருக்கும் படர்தாமரையையும் நகச்சொத்தையையும் கண்டறிந்து குணப்படுத்திவிட்டால், பின்னர் வரும் சிக்கல் பெருமளவு குறையும்.

நோயாளி வீடு திரும்பும்போது அவர் தாய்மொழியில் அச்சிட்ட ஓர் அட்டை தரப்பட வேண்டும். தாம் உட்கொள்ளும் மருந்துகள் எவை, எந்தெந்த மருந்துகளைத் தம் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது என்பன அதில் இருக்க வேண்டும். எந்த ஊர் மருந்துக்கடையிலும் அதைக் காட்டினால், விற்பவருக்கும் எச்சரிக்கையாக அமையும்.

பெரும்பாலான மேற்பரப்புத் தொற்றுகளில், சிறிய அளவில் இருக்கும்போதே பூஞ்சைக்கொல்லி மட்டும் கொண்ட களிம்பைப் போதிய காலம் தடவினால் மாத்திரைக்கே தேவை எழாமல் போகலாம். தோலில் பூசும் களிம்பிலிருந்து ரத்தத்தில் கலக்கும் மருந்து மிகக் குறைவு. ஆகவே தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது இங்கு பிற நோய்களைவிடவும் முக்கியம். உடலை உலர்வாக வைத்துக்கொள்ளுதல், இறுக்கமான செயற்கை இழை ஆடைகளைத் தவிர்த்தல், தனித் துண்டு பயன்படுத்துதல், வயலிலும் தோட்டத்திலும் காலணி அணிதல், புறா எச்சம் படிந்த இடங்களிலிருந்து விலகியிருத்தல் ஆகியவை நோயாளி தாமே கடைப்பிடிக்கத்தக்கவை. வீட்டில் வேறு எவருக்கேனும் படர்தாமரை இருப்பின் அவருக்கும் சேர்த்தே சிகிச்சை அளிக்க வேண்டும்.

அரசின் பொறுப்பு இதனினும் பெரிது. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் தேசியப் பதிவேட்டுக்கு வழிசெய்தது. அந்தப் பதிவேட்டின் வழியே, ஆண்டுதோறும் எத்தனை மாற்றுச் சிறுநீரகங்கள் இழக்கப்பட்டன, எந்தெந்தத் தொற்றுகளாலும் மருந்து மோதல்களாலும் அவை இழக்கப்பட்டன என்ற விவரங்களும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். நாடாளுமன்றத்தில் அறுவை சிகிச்சை எண்ணிக்கையைக் கேட்கும் உறுப்பினர்கள், இந்தக் கேள்வியையும் எழுப்பலாம். டாக்ரோலிமஸ் அளவைக் கணிக்கும் வசதியை மண்டலத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியிலாவது ஏற்படுத்துவதும், ரத்த மாதிரியை அருகிலுள்ள ஊரிலேயே சேகரித்து அனுப்புவதும் நிர்வாகத்தால் இயலாதவை அல்ல.

2023-ஆம் ஆண்டில் நாட்டில் உயிருடன் இருந்தபடியே உறுப்பு தந்தவர்களில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் பெண்கள். தாயோ மனைவியோ சகோதரியோ தந்த சிறுநீரகம் பழுதாகிவிட்டால் அதே உறவிடமிருந்து இன்னொன்றைப் பெற இயலாது. நோயாளி மீண்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் கருவியின் முன் படுக்க நேரும். ஒரு குடும்பம் நகைகளை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் பெற்ற வாழ்வு, மருந்துக்கடையில் வாங்கிய சில மாத்திரைகளால் குலையலாம் என்ற நிலை இருக்கும்வரை, ஆண்டுதோறும் உயர்ந்துவரும் அறுவை சிகிச்சைக் கணக்கு பாதிக் கணக்காகவே இருக்கும்.